மருதாசலத்துக்கு இறக்கம் பிடித்துப்போன கதை

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற சாலையில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் மருதாசலத்தின் முகத்தைப் பார்த்தால் போதும், அன்றைய முட்டை விலை தெரிந்துவிடும் என்பார்கள். உண்மைதான். விலை ஏறியிருந்தால் மனிதர் மொபெட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, எதிரில் வருகிற ஆட்டுக்குட்டியைக்கூட நலம் விசாரித்துவிட்டுப் போவார். இறங்கியிருந்தாலோ, சொந்த மகன் குறுக்கே வந்து நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

வயது அறுபதை நெருங்குகிறது. பண்ணை இருக்கிற இடம் அவர் அப்பா காலத்தில் கடலைக்காடு. மழையை நம்பி நம்பிச் சலித்துப்போய், கல்யாணமான கையோடு மருதாசலம் கொட்டகை போட்டுக் கோழி வாங்கிவிட்டார். புதுப்பெண் ஆத்தாயி, தாலிக்கயிற்றின் மஞ்சள் மங்குவதற்குள் முட்டை பொறுக்கக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டின் நல்லது கெட்டதெல்லாம் விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கின. மாடி கட்டியது ஏற்றத்தில். மகன் மோகன்குமாருக்குக் காது குத்துவதைத் தள்ளிப்போட்டது இறக்கத்தில். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது என்பது மருதாசலத்தின் எலும்புக்குள்ளேயே ஊறிப்போன சங்கதி.

எவ்வளவு ஊறியிருந்தது என்றால், ஒருமுறை சர்க்கரை பரிசோதனைக்குப் போய்விட்டு வாயெல்லாம் பல்லாக வீடு திரும்பினார். "போன மாசத்துக்கு இந்த மாசம் நல்ல ஏத்தம் புள்ள!" என்றார். ஆத்தாயி வெல்ல டப்பாவை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

அவர் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் பண்ணைக்காரர்கள். கொங்குப் பக்கத்தில் சொந்தபந்தத்தை ஒறம்பரை என்பார்கள். 'நம்ம ஒறம்பரை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. அதில் தினமும் முட்டை விலையைத் தன் குரலில் பதிந்து அனுப்புவது மருதாசலத்தின் பொறுப்பு. யாரும் கொடுத்த பொறுப்பல்ல, தானே எடுத்துக்கொண்டது. அந்தக் குரலைக் கேட்காமல் யாரும் சாயங்காலக் காப்பியை முழுதாகக் குடிப்பதில்லை.

இப்படிப்பட்டவருக்குப் போன தை மாதம் ஒரு சோதனை வந்தது.

ஆத்தாயியின் மணிக்கட்டில் கூண்டுக்கம்பி கீறிவிட்டது. பண்ணையில் கீறாத கை எது என்று மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். ஒரு கோழி கொஞ்சம் சுணங்கினால் கால்நடை டாக்டருக்கு மூன்று தரம் போன் போடுகிறவள், தன் கை முழங்கை வரை வீங்கிச் சிவந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் காய்ச்சல் வந்தது. பல் தந்தியடிக்கும்படி நடுக்கம் வந்தது. மறுநாள் பகலில் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு கட்டின புருசனைப் பார்த்து, "நீங்க யாருங்க? முட்டை ஏத்த வந்த லாரிக்காரருங்களா?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

மருதாசலம் முதலில் சிரித்தார். பிறகு அவள் மூச்சு இரைப்பதையும் உதடு வெளுத்திருப்பதையும் பார்த்தார். மோகன்குமார் காரை எடுக்க, சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் சௌந்தர்யா இருந்தார். சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ரயில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை, ரகசியம் சொன்னாலும் நாலு பேருக்குக் கேட்கும்.

"இதுக்கு செப்சிஸ்னு பேருங்க. கீறல் வழியாப் போன கிருமி ரத்தத்துல கலந்துருச்சு. அதை எதிர்த்து உடம்பு போடற சண்டையில உடம்புக்கே சேதாரம் ஆகுது. பிரஷர் ரொம்பக் கீழ போயிருச்சு. மருந்து ஆரம்பிச்சுட்டோம். எந்தக் கிருமின்னு தெரியறதுக்கு ரெண்டு நாளாகும். ஆனா அதுவரைக்கும் நாம இருட்டுல நிக்க வேண்டியதில்லை. புரோகால்சிட்டோனின்னு ஒரு டெஸ்ட் இருக்கு. நிலைமை எந்தப் பக்கம் போகுதுன்னு ரத்தமே நமக்கு ஒரு நம்பர் சொல்லும்."

இதில் மருதாசலத்தின் காதில் விழுந்தது கடைசியில் வந்த நம்பர் மட்டும்தான். மற்றதெல்லாம் தலைக்கு மேலே போய்விட்டது.

"எத்தனைங்க இருக்குது?"

"இப்ப இருபத்திரண்டு. நாளைக்கு எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்."

நாளைக்கு எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்! இத்தனை வருசமாக முட்டை வியாபாரிகள் தினமும் அவரிடம் சொல்கிற பேச்சு இது. புரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல் மருதாசலத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மறுநாள் காலை, கதவைத் திறந்துகொண்டு வந்த நர்ஸை மறித்து நம்பர் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு ஆயிரம் வேலை. "முப்பத்தெட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

முப்பத்தெட்டு! ஒரே நாளில் இருபத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டு! முட்டை வரலாற்றிலேயே இப்படியொரு ஏற்றத்தை அவர் பார்த்ததில்லை. தலைகால் புரியவில்லை. மோகன்குமாரை கேன்டீனுக்கு விரட்டி அந்த வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிவரச் சொன்னார். முன்பின் தெரியாத ஓமலூர்க்காரர் ஒருவர் வேண்டாம் என்று மறுத்தபோது, "சும்மா குடிங்க சாமி, எங்கூட்டுக்காரிக்கு ஏறிருச்சு!" என்று கையில் திணித்தார். போனை எடுத்து ஒறம்பரைக்கும் சொன்னார்.

"எல்லாரும் தைரியமா இருங்க. நம்ம ஆத்தாயிக்கு ரத்தத்துல ஒரு நம்பரு பாக்கறாங்க. நேத்து இருவத்திரெண்டு. இன்னிக்கு முப்பத்தெட்டுக்கு ஏறிருச்சுங்க!"

கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ராசிபுரத்துப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் ஆத்தாயியின் அண்ணன் கண்ணுசாமி குரலிலேயே பதில் அனுப்பினார். "நல்ல சேதி சொன்னீங்க மாப்ள. இன்னும் ஏறோணும். நான் இப்பவே கோயலுக்குப் போயித் தேங்கா ஒடைச்சுட்டு வாரேன்."

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் டாக்டர் சௌந்தர்யா வெளியே வந்தார்.

"வாங்க தாயி, நீங்களும் ஒரு டீ சாப்புடுங்க."

"என்னங்க விசேஷம்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! முப்பத்தெட்டுங்க!"

டாக்டரின் முகம் மாறியது. அவர் டீயை வாங்கவில்லை. மருதாசலத்தைத் தனியே கூட்டிப்போய் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய குரல் இறங்கியதை அந்த வராந்தா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

"ஐயா, இது ஏறக் கூடாதுங்க. நல்லா இருக்கறவங்களுக்கு இது ஒண்ணைக்கூடத் தொடாது. கிருமி பலமா இருந்தாத்தான் இப்படி ஏறும். முதல் நாள் ஏறறது எதிர்பார்த்ததுதான், அதுக்காகப் பயந்துராதீங்க. ஆனா நாளைக்கு இறங்கணும். நாளைக்கும் இறங்கலேன்னா மருந்து கேக்கலேன்னு நான் கவலைப்பட ஆரம்பிப்பேன்."

"கவலைன்னா... எந்த மாதிரிக் கவலைங்க?"

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உயிருக்கு ஆபத்து இருக்குங்க" என்றார். பிறகு, "இன்னொரு நம்பரும் பாக்கறோம், லாக்டேட்டுன்னு. உடம்போட மூலைமுடுக்குக்கெல்லாம் ரத்தம் சரியாப் போகலேன்னா அது சேரும். அது நேத்தைக்கு இன்னிக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு. நம்பரை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்றதில்லை. பிரஷர், சிறுநீர், நினைவு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்ப்போம். நம்பிக்கையா இருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

மருதாசலம் கையிலிருந்த டீ டம்ளரைப் பார்த்தார். பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள், அதற்கு ஊரைக் கூட்டி டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். தன் கன்னத்தில் தானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம்போல் இருந்தது. அவளில்லாத வீட்டை நினைத்துப் பார்க்க முயன்றார், முடியவில்லை. ஒறம்பரைக்குத் தான் சொன்னது தப்பு என்று சொல்லவேண்டுமே என்று போனை எடுத்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின்னால் வந்த அமளி அத்தனைக்கும் இதுதான் விதை.

அன்றைக்கு அவர் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டதைச் சொல்லவேண்டும். இத்தனை வருசமும் ஏற்று ஏற்று என்றே கேட்டு வந்த பக்தன், திடீரென்று "ஆத்தா, எறக்கிவுடு" என்று கும்பிட்டால் அந்தத் தெய்வத்துக்கும் குழப்பமாகத்தானே இருக்கும்? அதனால் "எதைன்னு கேட்டீன்னா, ஆத்தாயி ரத்தத்துல அந்தப் புரோ... நம்பரு" என்று தெளிவாக விளக்கம் சொன்னார். சாயங்காலம் வியாபாரி ஒருவர் போன் செய்து, முட்டை விலை நன்றாக ஏறியிருக்கிறது என்று சந்தோசமாகச் சொன்னார். "ஏறிருச்சா? எளவு, அது எதுக்கு இப்ப ஏறுது?" என்று மருதாசலம் எரிந்து விழுந்தார். வியாபாரி மிரண்டுபோய் போனை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் முற்பகலில் டாக்டர் சௌந்தர்யாவே கதவைத் திறந்துகொண்டு வந்தார். வரும்போதே, வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில், "பதினேழு!" என்றார்.

மருதாசலம் எழுந்து நின்றார்.

"பாதிக்கு மேல குறைஞ்சிருச்சுங்க. லாக்டேட்டும் நல்லா இறங்கிருச்சு. பிரஷர் தானா நிக்க ஆரம்பிச்சிருக்கு. மருந்து வேலை செய்யுது!"

அதற்கப்புறம் மருதாசலம் செய்ததெல்லாம் அவருக்கு நினைவில்லை, பார்த்தவர்கள் சொன்னது. ஓமலூர்க்காரரைக் கட்டிப்பிடித்தார். கதவருகே நின்ற செக்யூரிட்டியைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார். பிறகு ஒறம்பரைக்குச் சொல்லப் போனை எடுத்தார். பேச ஆரம்பித்ததும் அடக்கி வைத்திருந்த அழுகை பீறிட்டுவிட்டது.

"விழுந்துருச்சுங்க... முப்பத்தெட்டுலிருந்து பதினேழுக்கு... பாதிக்குக் கீழ விழுந்துருச்சுங்க... ஐயோ, ஆத்தாயீ..."

அவ்வளவுதான் பேச முடிந்தது. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நர்ஸ் கூப்பிட்டாள். போனை அணைத்துவிட்டு உள்ளே ஓடினார். ஆத்தாயி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். லாரிக்காரரா என்று கேட்கவில்லை. "ஏனுங்க, கோழிக்குத் தண்ணி உட்டாங்களா?" என்றாள். அவர் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். போகச் சொல்லி இரண்டு தரம் சொன்ன நர்ஸும் மூன்றாம் தரம் சொல்லவில்லை.

இனி ராசிபுரத்துப் பக்கம் வருவோம். நேற்று ஏறியது நல்லது என்று மருதாசலமே சொன்னார். இன்று பாதிக்குக் கீழே விழுந்துவிட்டது என்று அவரே கதறுகிறார். கூப்பிட்டால் போன் அணைந்து கிடக்கிறது. மகனைக் கூப்பிட்டால் அவன் ஏதோ மருந்துக்கடைச் சந்தடியில் எடுக்கவே இல்லை. பண்ணைக்கார ஒறம்பரைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா என்ன? விலை விழுந்து அடிபட்ட வயிறுகளாயிற்றே. ஒரு வீட்டில் எழுந்த ஒப்பாரி அடுத்த வீட்டுக்குத் தாவியது. கார்கள் கிளம்பின.

கண்ணுசாமி மட்டும் வழியில் ஒரு ஜவுளிக்கடையில் நிறுத்தினார். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச்சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். கோடி என்பார்கள். அண்ணன் கையால் தங்கைக்குப் போகிற கடைசிச் சேலை அது. அரக்குச் சேலையில் பச்சைக் கரை போட்டதாகப் பார்த்து எடுத்து, மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, சேலம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தார்.

மருதாசலம் சாப்பிடலாம் என்று லிஃப்டில் கீழே இறங்கினார். பசி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. எதிரே வரவேற்பறை முழுக்க ஒறம்பரை. பெண்கள் தலைவிரிகோலம். கண்ணுசாமி பாய்ந்து வந்து அவர் தோளில் விழுந்தார்.

"மாப்ள! இப்புடி எங்களையெல்லாம் உட்டுப்போட்டுப் போயிட்டாளே மாப்ள!"

மருதாசலம் மூடிக்கொண்ட லிஃப்ட் கதவைத் திரும்பிப் பார்த்தார். இப்போதுதானே பார்த்துவிட்டு வந்தேன்? லிஃப்டில் வருவதற்குள்ளா? இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லையா? இத்தனை பேர் அழுதால் அது பொய்யாகவா இருக்கும்? அவரும் மச்சானைக் கட்டிக்கொண்டு, "அய்யோ, இப்பக்கூடத் தண்ணி உட்டாங்களான்னு கேட்டாளே!" என்று ஓவென்று கதற ஆரம்பித்துவிட்டார். மேலிருந்து ஓடிவந்த செக்யூரிட்டி, காலையில் தன்னைத் தூக்கிச் சுற்றியவர் இவர்தானா என்று விழித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு டாக்டர் சௌந்தர்யா படியில் இறங்கி வந்தார்.

"யாருங்க செத்தது?"

அந்தக் குரலுக்கு அழுகை மொத்தமும் நின்றது. யாரோ, "ஆத்தாயிங்க" என்றார்கள்.

"அவங்க மேல கஞ்சி குடிச்சுட்டிருக்காங்க!"

கண்ணுசாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நம்பரு பாதிக்குக் கீழ விழுந்துருச்சுன்னு மாப்ள சொன்னாருங்களே?" என்றார்.

"விழணும்ங்க! விழுந்தாத்தான் நல்லது!"

"அப்ப நேத்து ஏறுனது?"

"அது கெட்டது."

"நான் தேங்கா ஒடைச்சனேங்க!" என்று கண்ணுசாமி நெஞ்சில் கைவைத்துக்கொண்டு அலறினார். முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. தலைவிரிகோலமாக நின்ற பெண்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார், சிரித்துக்கொண்டே மறுபடி அழுதார்.

அதன்பிறகு நம்பர் நாளுக்கு நாள் கீழே போனது. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒறம்பரைக் குழுவில் பட்டாசுப் படம் வெடித்தது. ஆத்தாயியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கை வீக்கம் வடிந்தது, நடக்க ஆரம்பித்தாள். நம்பர் போதிய அளவு இறங்கிவிட்டது, மருந்தை நிறுத்தலாம், நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கண்ணுசாமியும் அங்கே இருந்தார். கக்கத்தில் அந்த மஞ்சள் பை இருந்தது. பாவம், அதை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு சொல்லி மாளாது. கோடியை வீட்டுக்குள் திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று மனைவி வாசலிலேயே மறித்துவிட்டாள். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. காரில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அதென்னுங்கண்ணா பையில?" என்றாள் ஆத்தாயி.

"ஒண்ணுமில்லம்மிணி. சும்மா."

"சும்மாவா? இங்க குடுங்க."

கொடுக்க மாட்டேன் என்று அவர் பின்வாங்க, அவள் படுக்கையிலிருந்து எட்டிப் பிடுங்கிவிட்டாள். சேலையை விரித்துப் பார்த்தாள். பொங்கலும் இல்லை, தீபாவளியும் இல்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். புருசன் முகத்தைப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் ஜன்னலுக்கு வெளியே எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கலரு நல்லாத்தான் இருக்குது" என்றாள் ஆத்தாயி. "ரவிக்கைத் துணி எங்கீங்கண்ணா?"

கண்ணுசாமி காலிப் பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"செத்தவளுக்கு எதுக்கு மேட்சிங்குன்னு உட்டுட்டீங்களாக்கும்?"

சொல்லிவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள். ஊசி குத்திய கை வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டே சிரித்தாள். "நாளைக்கு இதைக் கட்டிட்டுத்தான் நான் ஊட்டுக்கு வருவேன். போயி ரெண்டு பேரும் ரவிக்கை வாங்கிட்டு வாங்க. முப்பத்தெட்டு சைசு, ரெடிமேடா இருக்கோணும். கரைக்குச் சேர்ற பச்சை. வெளுத்த பச்சையை எடுத்துட்டு வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிருவேன்."

கோடியைக் கட்டுவதா என்று கண்ணுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மருதாசலம் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

கடைவீதியில் வெயில் சுள்ளென்று அடித்தது. சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்களும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். இந்தப் பச்சை கருக்குது, அந்தப் பச்சை வெளுக்குது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். நாலாவது கடையில் பொருத்தமான பச்சை கிடைத்தது. விற்கிற பெண் கரையோடு ரவிக்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே சேருது பாருங்க. என்ன விசேஷமுங்க, கல்யாணமா?" என்று கேட்டாள்.

கண்ணுசாமியின் கை சேலைமேல் அப்படியே நின்றது. "இதை எடுக்கும்போதும் கடைக்காரன் இதையேதான் கேட்டான் மாப்ள" என்றார் மெதுவாக. "நான் பதிலே சொல்லல."

பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். குரல் உடைந்தாலும் வாய் சிரித்தது.

"என்ற தங்கச்சிக்குச் சாமி. நாளைக்கு அவளே கட்டிக்குவா."